தாவீது ஜன்னல் வழியாகத்தான் தப்பினான்

அன்புத் தங்கைக்கு,

ஸ்தோத்திரம். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த நான்கு தாள்களில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்றாவது தாளில் ஒரு வரி பாதியில் நின்று, அடுத்த வரி வேறு மையில் தொடங்குகிறது. இடையில் யாரோ வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு உடனே தெரியவேண்டிய விஷயங்களை, நீங்கள் சொன்ன வழியிலேயே ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால், இந்த நீண்ட பதிலை எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காகக் கடிதத்தின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 37. திருமணமாகிப் பதினான்கு வருடம். மகளுக்குப் பன்னிரண்டு, மகனுக்கு எட்டு. கணவர் நல்ல வேலையில் இருக்கிறார், சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறார். வீட்டுக்குள் அடிக்கிறார். குடித்த நாளிலும் அடிக்கிறார், குடிக்காத நாளிலும் அடிக்கிறார். போன மாதம் ஒரு இரவு உங்கள் கழுத்தை நெரித்தார். ஆலயத்துக்கு வந்தால்தான் உங்களுக்கு மூச்சு வருகிறது. விடியற்காலையில் கதவு திறந்ததும் போய், ஆர்மோனியத்துக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். சபைக் குருவான ஐயரவர்களிடம் சொன்னபோது 91-ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபித்து அனுப்பினார். பெண்கள் ஐக்கியத்தில், பேதுருவின் நிருபத்தைக் காட்டி, ‘ஜெபத்தால புருஷன ஜெயிக்கணும்’ என்றார்கள். உங்கள் அம்மா, ‘இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை’ என்றார்கள்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். ‘தேவன் எனக்கு அடைக்கலம் என்று நான் நம்பினால், வீட்டைவிட்டுப் போவது அவிசுவாசம் ஆகாதா? விடியற்காலையில் ஆலயத்துக்குப் போய் உட்காருவது விசுவாசமா, தப்பித்தலா?’ கடைசித் தாளின் ஓரத்தில், கேள்வி என்றும் சொல்லாமல், உங்கள் மகள் கேட்டதை எழுதியிருந்தீர்கள். ‘எம்மா, ஏசப்பா கோயில்ல மட்டுந்தான் இருப்பாங்களா, நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்களா?’

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டைவிட்டுப் போவது அவிசுவாசம் ஆகாது. உங்கள் உயிரையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொள்வது பாவமும் இல்லை. சபைகளோடு சேர்ந்து ஆற்றுப்படுத்தும் பணியில் இருபத்தாறு வருடம் இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வேதத்தைத் தினமும் வாசிக்கிற ஒரு விசுவாசியாகவும் சொல்கிறேன்.

சரி, வேதத்திலிருந்தே தொடங்குவோம். உங்களை அந்த வீட்டில் நிறுத்தி வைத்திருப்பது வேத வசனங்கள்தானே.

அடைக்கலம் என்ற சொல்லைச் சங்கீதங்களில் அதிகம் சொன்னவர் தாவீது. எங்கே இருந்துகொண்டு சொன்னார் என்பதை நாம் கவனிப்பதில்லை. 59-ஆம் சங்கீதத்தின் தலைப்பை எடுத்துப் பாருங்கள். தாவீதைக் கொல்வதற்காகச் சவுல் ராஜா ஆட்களை அனுப்பி, அவர்கள் வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்த நேரத்துச் சங்கீதம் அது. நெருக்கமுண்டான நாளிலே நீர் எனக்குத் தஞ்சமும் உயர்ந்த அடைக்கலமுமானீர் என்று பாடி முடிகிறது. அந்த இரவில் நடந்தது 1 சாமுவேல் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்று இரவே தப்பாவிட்டால் நாளைக்குக் கொல்லப்படுவீர் என்று மனைவி மீகாள் எச்சரிக்கிறாள். அவளே அவரை ஜன்னல் வழியாக இறக்கிவிடுகிறாள். தாவீது ஓடித் தப்புகிறார். அந்தப் பாட்டும் அந்த ஜன்னலும் ஒரே இரவைச் சேர்ந்தவை. ‘தேவன் எனக்கு அடைக்கலம், அதனால் நான் இங்கேயே படுத்திருப்பேன்’ என்று தாவீது சொல்லவில்லை.

அதற்கு முன்னால் நடந்ததையும் வாசியுங்கள். உங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும். தாவீது சுரமண்டலம் வாசித்துக்கொண்டிருக்கும்போது சவுல் ஈட்டியை எறிகிறார். தாவீது இரண்டு தரம் விலகித் தப்புகிறார். பிறகு சவுலின் மகன் யோனத்தான் நடுவில் வந்து பேசுகிறார். யோனத்தான் நல்லவர், இருவரையும் நேசிக்கிறவர். அவர் பேச்சைக் கேட்டு, தாவீதைக் கொல்வதில்லை என்று சவுல் கர்த்தருடைய பெயரில் ஆணையிடுகிறார். அதை நம்பித் தாவீது பழையபடி அரண்மனைக்குத் திரும்புகிறார், பழையபடி வாசிக்கிறார். மறுபடியும் ஈட்டி பறந்து வந்து சுவரில் குத்தி நிற்கிறது. நல்ல உள்ளமுள்ள ஒருவர் சமாதானம் பேசினார், அடித்தவர் கடவுள் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தார், அடிபட்டவர் நம்பித் திரும்பினார். இந்த மூன்றும் நடந்த பிறகுதான் அந்த மூன்றாவது ஈட்டி வந்தது.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கிறது. இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு தம்பதியை என் அறையில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். அவர் அழுதார், முழங்கால்படியிட்டார், வேதத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். நானும் அழுதேன். அந்தப் பெண்ணை அவரோடு அனுப்பிவைத்தேன். மூன்று வாரம் கழித்து, கை எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வந்தாள். ‘நீங்க என்ன பேசச் சொன்னீங்களோ அதப் பேசினேன்க்கா, அதுக்குத்தான் அடிச்சாங்க’ என்றாள். அவர் பக்கத்தில் இருக்கும்போது அவளை மனம் திறந்து பேசவைத்தது என் தவறு. அன்றிலிருந்து, அடி விழுகிற வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்துவைத்துப் பேசுவதில்லை. உங்கள் ஊரில் யாராவது, அது ஐயரவர்களாகவே இருந்தாலும், ‘இரண்டு பேரும் வாங்க, உட்கார்ந்து பேசலாம்’ என்று கூப்பிட்டால், ‘நான் தனியாக வந்து பேசுகிறேன்’ என்று சொல்லுங்கள்.

91-ஆம் சங்கீதத்துக்கு வருவோம். ‘உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்.’ எனக்கும் உயிர் போன்ற சங்கீதம் அது. என் அப்பாவின் கடைசி நாட்களில் தினமும் அதைத்தான் வாசித்தேன். ஆனால் சுவிசேஷத்தில் அந்தச் சங்கீதத்தைச் சொல்லிக் காட்டுவது யார் தெரியுமா? பிசாசு. மத்தேயு நான்காம் அதிகாரத்தில், இயேசுவை தேவாலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, தாழக்குதியும், தூதர்கள் உம்மைத் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். பாதுகாப்பைப் பற்றிய வசனத்தைக் காட்டி ஆபத்துக்குள் போகச் சொல்கிறான். இயேசு குதிக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்கிறார். உங்கள் ஐயரவர்களைப் பிசாசு என்று சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த நல்ல வசனத்தைக் கொடுத்திருப்பார். ஆனாலும், கழுத்தில் விரல் தடத்தோடு வந்த ஒரு பெண்ணிடம் அந்தச் சங்கீதத்தை வாசித்து அதே வீட்டுக்கு அனுப்பினால், அது அவளை உப்பரிகையில் ஏற்றி நிறுத்துவதுதான்.

சிலுவை என்று உங்கள் அம்மா சொன்னதை நினைத்து அவர்கள்மேல் கோபம் வேண்டாம். அவர்களுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் இயேசு தம்மை அடிக்க வந்தவர்களிடமெல்லாம் அகப்பட்டுக்கொள்ளவில்லை. நாசரேத்தில் அவரை மலைச்சிகரத்திலிருந்து தள்ளிவிடப் பார்த்தபோது, அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார். தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து விலகிப் போனார். கைக்குழந்தையாக இருந்தபோது யோசேப்பும் மரியாளும் அவரை எடுத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போனார்கள். அதுவும் தேவதூதன் சொல்லித்தான். ‘ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்’ என்று சீஷருக்குச் சொன்னவரும் அவர்தான். தம் ஜீவனை யாரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமே கொடுப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் சிலுவைக்குப் போனார். உங்களிடம் யார் கேட்டார்கள்? உங்கள் கழுத்தை நெரித்தபோது நீங்கள் எதையும் கொடுக்கவில்லையே. உங்களிடமிருந்து பறிக்கப் பார்த்தார்கள்.

பேதுருவின் முதலாம் நிருபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கள் ஐக்கியத்தில் காட்டியது மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனம். திருவசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்களின் மனைவிகளை மனதில் வைத்து எழுதியது அது. அடியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதில் எங்கும் இல்லை. ஆறு வசனம் தள்ளி, ஏழாம் வசனத்தில், கணவர்களுக்கும் எழுதியிருக்கிறது. மனைவிக்குக் கனம் கொடுங்கள், ‘உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு’ என்று. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற உங்கள் கணவர் அந்த அதிகாரத்தை எந்த வாரமாவது ஏழாம் வசனம்வரை வாசித்திருப்பார் என்று நம்புகிறேன்.

ஒரு வசனத்தை மட்டும் நேர்மைக்காக நானே எடுத்து வைக்கிறேன், நாளைக்கு வேறு யாராவது உங்கள் முன் வைப்பார்கள் என்பதால். சாராயின் அடிமைப் பெண்ணான ஆகார் ஓடிப்போனபோது, உன் நாச்சியாரிடம் திரும்பிப் போ என்று தூதன் சொன்னது ஆதியாகமம் 16-இல் இருக்கிறது. எனக்கு எப்போதும் கடினமான பகுதி அது. வனாந்தரத்தில் கர்ப்பிணியாக, போக ஓர் இடமும் இல்லாமல் இருந்த ஒரு அடிமைப் பெண்ணுக்குச் சொன்ன வார்த்தை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. எல்லாப் பெண்களுக்கும் போட்ட கட்டளையாக அதை நான் வாசிப்பதில்லை. 21-ஆம் அதிகாரத்தில் அதே ஆகார், மகனோடு, திரும்பி வராத பயணம் போகிறாள். அப்போது யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. தேவன் அவள் கண்களைத் திறக்கிறார், அவள் தண்ணீர்த் துரவைக் காண்கிறாள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. விடியற்காலை ஒரு மணி நேரம்.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் தோள்பட்டை இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் பத்து நிமிடம் ஜெபிக்கவும் வருவதில்லை, சும்மா இருக்கிறீர்கள். ஆலயப் பணியாளரான கோயில்குட்டி வந்து விளக்கைப் போடும்போது முகத்தைத் துடைத்துக்கொள்கிறீர்கள். பிறகு ஒரே ஒரு சங்கீதம். இதைத் தப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போது என்ன நடக்குமோ என்று இரவெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற உடம்பு, ஆபத்தில்லாத ஓர் இடம் கிடைத்ததும் இறங்கி அமர்கிறது. அந்த இடம் உங்களுக்கு ஆண்டவருடைய சந்நிதியாக இருக்கிறது. எத்தனையோ பேருக்கு அப்படி ஓர் இடம்கூட இருப்பதில்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

எலியா நினைவுக்கு வருகிறார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்தவர், ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் பிராணனைக் காக்க ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். ‘ஏன் ஓடினாய், உன் விசுவாசம் எங்கே’ என்று தூதன் அந்த இடத்தில் கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிடுகிறான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அப்போது சொல்கிற வார்த்தை: ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.’ உங்கள் ஆர்மோனியத்தருகே உள்ள பெஞ்சை நான் அந்தச் சூரைச்செடியாகப் பார்க்கிறேன். எலியாவுக்கு அங்கே கிடைத்த அப்பமும் தூக்கமும் பயணத்துக்கு வேண்டிய பெலனாக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆறு மணிக்கு எழுந்து அதே ஆபத்துக்குள் போவதற்கான தெம்பாக மட்டும் அந்த மணி நேரம் இருந்துவிட்டால் எனக்குக் கவலை. எங்கே போகலாம், யாரிடம் சொல்லலாம், எதை எடுத்துவைக்கலாம் என்று தெளிவாக யோசிப்பதற்கும் அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். யோசிப்பதும் ஜெபம்தான்.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் 55-ஆம் சங்கீதத்தை எடுங்கள். சத்துருவாக இருந்தால் தாங்கியிருப்பேன், நீயல்லவா, என்னோடு சேர்ந்து தேவாலயத்துக்குப் போனவனல்லவா என்று அழுகிற சங்கீதம். ‘ஆ, எனக்குப் புறாவைப்போல் சிறகுகள் இருந்தால், நான் பறந்துபோய் இளைப்பாறுவேன்’ என்ற வரி அதில்தான் இருக்கிறது. போய்விட வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு வேதத்திலேயே வார்த்தை இருக்கிறது.

இதற்கு மேல் எழுதுவது உங்களுக்கு மட்டுமான பதில் இல்லை. சபையின் மூப்பர்களும் படிக்கட்டும்.

யோசுவா 20-ஆம் அதிகாரத்தில் ஆறு அடைக்கலப் பட்டணங்கள் வருகின்றன. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன். கிழக்கே பேசேர், ராமோத், கோலான். கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றுவிட்டு, பழிவாங்குகிறவனுக்குத் தப்பி ஓடிவருகிறவனுக்காக ஏற்பட்டவை. நம் விஷயம் வேறு, தெரியும். ஆனால் ஓடிவருகிறவனை எப்படி ஏற்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அவன் பட்டணத்து வாசலில் நின்று தன் காரியத்தை மூப்பர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் அவனை உள்ளே சேர்த்துக்கொண்டு, தங்க இடம் கொடுக்க வேண்டும். துரத்திவந்தவனிடம் ஒப்புக்கொடுக்கக் கூடாது. அந்தப் பட்டணங்களுக்கு வழியை உண்டாக்கி வை என்று உபாகமம் 19 சொல்கிறது. கேட்பதும், இடம் கொடுப்பதும், ஒப்புக்கொடுக்காமல் இருப்பதும் மூப்பர்களின் வேலை. ஜெபித்து அனுப்பிவிடுவது அந்த அதிகாரத்தில் இல்லை.

நம் தமிழிலும் இந்தச் சொல்லுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற ஆய்ச்சியிடம் ஒப்படைக்கிறார். அடைக்கலமாக வந்தவளை மாதரி தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகிறாள்.

நெல்லைச் சபைகளுக்கு வேறு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசுவாசத்துக்கு வந்தவர்கள் அவரவர் ஊரில் அடிபட்டபோது, சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி 1799-இல் புதிதாக உண்டாக்கிய ஊர்தான் முதலூர். அதில் முன்னின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். அங்கேயே இருந்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஓடிவந்தவர்கள் குடியிருக்க இடம் பார்த்தார். ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கமிட்டியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணிடம், ஓடுவது விசுவாசமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு இதில் மட்டும் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இனி நடக்கவேண்டிய காரியங்கள்.

கழுத்தை நெரித்ததைக் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அபாய அறிகுறி. கழுத்தில் கை வைக்கிறவர் ஒரு நாள் உயிரை எடுக்கும் வாய்ப்பு, மற்ற அடிகளைவிட மிக அதிகம். வெளியில் காயம் தெரியாவிட்டாலும் உள்ளே பாதிப்பு இருக்கலாம், சில நாள் கழித்துக்கூடத் தெரியலாம். குரல் மாறியிருந்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால், தலைசுற்றல், பார்வை மங்கல் இருந்தால், அரசு மருத்துவமனைக்குப் போய், ‘கணவர் கழுத்தை நெரித்தார்’ என்று அப்படியே சொல்லுங்கள். வழுக்கி விழுந்ததாகச் சொல்லாதீர்கள். மருத்துவர் எழுதுகிற பதிவு பின்னால் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

181 என்பது பெண்களுக்கான உதவி எண். இரவும் பகலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. பிள்ளைகளுக்கு 1098. பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நம்பிக்கையான இன்னொருவர் போனிலிருந்து பேசுங்கள். உங்கள் மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உங்கள் மனுவை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போவதற்கென்றே இருக்கிறவர் அவர்.

‘வீடு அவர் பெயரில் இருக்கிறது, எனக்கு என்ன உரிமை’ என்று எழுதியிருந்தீர்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும், திருமணமாகி வாழ்ந்த வீட்டில் தங்குகிற உரிமை அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. தேவைப்பட்டால் அவரை வெளியே இருக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். உங்களை நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவும், செலவுக்குப் பணமும், பிள்ளைகள் உங்களோடு இருக்கத் தற்காலிக உத்தரவும் கேட்கலாம். விவாகரத்து கேட்காமலே இதையெல்லாம் கேட்கலாம் என்பது நம் பெண்கள் பலருக்குத் தெரிவதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள்.

போவதாக முடிவுசெய்தால் அதைக் கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கோபத்தில், சண்டைக்கு நடுவில் கிளம்பவும் வேண்டாம். மனைவி போகிறாள் என்று தெரிகிற அந்த நேரம்தான் ஆபத்து கூடுகிற நேரம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அசல் தாள்களை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் நகல் போதும். பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா மட்டும் ‘எப்ப வேணும்னாலும் கதவத் தட்டு’ என்று காதில் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்த அக்காவிடம் முதலில் பேசுங்கள். கூட்டத்தில் எல்லாரும் ஒரு மாதிரிப் பேசியபோது, அவர் ஒருவர் உங்களுக்கு மீகாளாக இருந்திருக்கிறார்.

உங்கள் கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு தாளிலும் நீங்கள் அவரை ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை சொல்லவில்லை. அவரை இன்னும் நேசிக்கிறீர்கள் என்று புரிகிறது. மன்னிக்க வேண்டுமே என்ற பாரமும் உங்களுக்கு இருக்கிறது. மறுபடியும் தாவீதிடமே போகிறேன். சவுல் தூங்கும்போது கையில் அகப்பட்டும் தாவீது அவரைக் கொல்லவில்லை, வஞ்சம் வைக்கவில்லை. சவுல் மனம் உருகி, ‘நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா’ என்கிறார். அதற்கு முந்தின தரம் சத்தமிட்டே அழுதிருக்கிறார். அந்த அழுகை பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தாவீது திரும்பிப் போகவில்லை, தன் வழியே போனார். சவுல் தம் இடத்துக்குப் போனார். தாவீதின் மன்னிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

அவர் உண்மையாகவே மனந்திரும்பினால் அதற்குக் கனி இருக்கும், காலம் எடுக்கும், வெளியே தெரியும். நீங்கள் இல்லாத இடத்தில், உங்களைக் குறை சொல்லாமல், தான் செய்ததைத் தன் வாயால் மூப்பர்களிடம் சொல்வார். குடிக்குச் சிகிச்சை எடுப்பார். கமிட்டிப் பொறுப்பிலிருந்தும் வேதபாடம் வாசிப்பதிலிருந்தும் தானே விலகி நிற்பார். நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்படுவார். எப்போது வருவாய் என்று உங்களை நெருக்க மாட்டார். சகேயு மனந்திரும்பியபோது அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான், வெறுமனே அழுதுவிட்டுப் போகவில்லை. அந்த வேலை உங்கள் கணவருடையது. அவரோடு உட்கார்ந்து அதைச் செய்யவைப்பது சபையின் வேலை. நீங்கள் தூரத்திலிருந்து ஜெபியுங்கள், அது போதும்.

உங்கள் மகளின் கேள்விக்கு நான் எழுதினால் அது பெரியவர்கள் பதிலாகிவிடும். ஒரு நாள் விடியற்காலையில் அவளையும் அந்த பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாவீதின் கதையை ஜன்னலோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் கோலியாத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அப்பாவுக்குக் கோபம் வரும்போது நடுவில் வந்து தடுக்க வேண்டாம், தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்கு ஓடு என்று சொல்லுங்கள். 1098-ஐ மனப்பாடமாகச் சொல்லவையுங்கள். அவள் கேட்டது சரியான கேள்விதான், கேட்டதற்காக ஏசப்பா வருத்தப்பட மாட்டார் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் குறித்திருந்த நேரத்தில், தினமும், போன் என் கையிலேயே இருக்கும்.

ஜெபத்தோடு,
உங்கள் அக்கா